பென் டிரைவ் எடுக்கவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

பாளையங்கோட்டையில் என் சித்தப்பா ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சுற்றிலும் கல்லூரிகள். மார்ச் மாதம் பிறந்துவிட்டால் புராஜெக்ட் ரிப்போர்ட் பிரின்ட் எடுக்க மாணவர்கள் வாசல் வரை நிற்பார்கள். கடையில் மூன்று கணினிகள். வைரஸ் தொல்லை தாங்காமல் அவற்றில் இரண்டில் நான் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். ஊரில் உள்ள அத்தனை பென் டிரைவும் வந்து போகிற இடம் அது. யுஎஸ்பி வேலை செய்யாவிட்டால் அன்றைக்குக் கடையே இல்லை.

அப்படி ஒரு மார்ச் காலை. எட்டரைக்குக் கடையைத் திறந்ததும் முதல் கணினியை ஆன் செய்து அப்டேட் போட்டேன். அதில் இருந்தது புதுப் பதிப்புகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் ரோலிங் வகை டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ் தொகுப்பு. லினக்ஸின் மையமான கர்னலும் சேர்ந்து புதிதாக வந்தது. ஆட்கள் வரத் தொடங்கிவிட்டதால் ரீஸ்டார்ட் செய்யவில்லை. ஒன்பது மணிக்கு முதல் மாணவி பென் டிரைவை நீட்டினார். செருகினேன். பென் டிரைவின் நீல விளக்கு எரிந்தது, திரையில் எதுவும் வரவில்லை. வேறு போர்ட்டில் செருகிப் பார்த்தேன். வேறொரு பென் டிரைவை வாங்கிச் செருகிப் பார்த்தேன். அதுவும் எடுக்கவில்லை. ஆனால் மவுஸும் கீபோர்டும் யுஎஸ்பிதான், அவை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

சித்தப்பா கல்லாவில் இருந்தபடியே கேட்டார்: “என்னல, காலையில நீ என்னமோ அப்டேட் போட்டியே, அதுலதான் போச்சா?”

அவர் சொன்னது சரிதான். ஆனால் எப்படிப் போனது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. டெர்மினலைத் திறந்து ‘டிமெசேஜ்’ கமாண்டைக் கொடுத்தேன். கர்னல் தன் போக்கில் எழுதிக்கொண்டே போகும் நாட்குறிப்பு அது. கடைசி வரிகளில் புதிய ஹை-ஸ்பீட் யுஎஸ்பி சாதனம் வந்திருப்பதாகவும், எக்ஸ்எச்சிஐ (யுஎஸ்பி போர்ட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி) வழியாக இணைந்திருப்பதாகவும் இருந்தது. தயாரிப்பாளர் பெயர், சீரியல் எண் எல்லாம் வந்திருந்தன. வழக்கமாக அதற்கு அடுத்து வரும் ‘யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் டிவைஸ் டிடெக்டட்’ என்ற வரி மட்டும் வரவில்லை. ‘எல்எஸ்மாட்’ போட்டு, ஏறியிருக்கும் மாட்யூல்களின், அதாவது தேவைப்படும்போது கர்னலில் ஏற்றிக்கொள்ளும் டிரைவர் துண்டுகளின், பட்டியலைப் பார்த்தேன். யுஎஸ்பி ஸ்டோரேஜ் அதில் இல்லை. சரி, கையாலேயே ஏற்றலாம் என்று ‘மாட்புரோப் யுஎஸ்பி-ஸ்டோரேஜ்’ கொடுத்தேன். அப்படி ஒரு மாட்யூலே இந்தக் கோப்புறையில் இல்லை என்று பதில் வந்தது. கூடவே ஒரு கர்னல் எண்ணும் இருந்தது.

அந்த எண்ணில்தான் விஷயம் இருந்தது. ‘யூநேம் -ஆர்’ என்று கேட்டால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் எண்ணைச் சொல்லும். அது பழைய எண்ணைச் சொன்னது. ‘/லிப்/மாட்யூல்ஸ்’ கோப்புறைக்குள் போய்ப் பார்த்தால் புது எண்ணில் ஒரு கோப்புறை மட்டும் இருக்கிறது. அப்டேட் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்திருந்தது. ஓடுவது பழைய கர்னல், வட்டில் இருப்பது புதுக் கர்னலுக்கான டிரைவர்கள். ஒன்றுக்கு உரியதை இன்னொன்று ஏற்றுக்கொள்ளாது. மவுஸ், கீபோர்டுக்கு வேண்டிய மாட்யூல்கள் காலையில் பூட் ஆகும்போதே நினைவகத்தில் ஏறிவிட்டதால் அவை பிழைத்துக்கொண்டன. அப்டேட்டுக்கு முன்னால் ஒரே ஒரு பென் டிரைவைச் செருகியிருந்தால்கூட ஸ்டோரேஜ் மாட்யூலும் ஏறியிருக்கும், அன்று முழுக்கச் சிக்கலே தெரிந்திருக்காது. ரீஸ்டார்ட் செய்தேன், இரண்டே நிமிடத்தில் சரியாகிவிட்டது. அந்த மாணவியின் ரிப்போர்ட்டை முதலில் எடுத்துக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் ஒரே கேள்வியாகத்தான் பார்க்கிறேன். டிரைவர் தேவைப்படும் அந்த நொடியில், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் கைக்கெட்டும் இடத்தில் அது இருக்கிறதா? வட்டில் எங்கோ ஒரு மூலையில் இருந்து பயனில்லை. இதற்குப் பிறகு நான் சந்தித்த யுஎஸ்பி சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியில்தான் வந்து நின்றன.

பென் டிரைவைச் செருகியதும் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இது தெரிந்தால் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. முதலில் போர்ட்டைக் கட்டுப்படுத்தும் ஹோஸ்ட் கன்ட்ரோலருக்கு ஒரு டிரைவர் வேண்டும். பழைய யுஎஸ்பி 1.1-க்கு யுஎச்சிஐ, ஓஎச்சிஐ. யுஎஸ்பி 2-க்கு ஈஎச்சிஐ. யுஎஸ்பி 3 வந்த பிறகு எக்ஸ்எச்சிஐ. பென் டிரைவ் செருகப்பட்டதும் அது தன்னைப் பற்றி ஒரு விவரக் குறிப்பை அனுப்பும். அதில் மூன்று எண்கள் முக்கியம். வகுப்பு 08 என்றால் சேமிப்புச் சாதனம். உட்பிரிவு 06 என்றால் ஸ்கஸி என்ற வட்டுக் கட்டளை மொழி பேசும். நெறிமுறை 50 என்றால் ‘பல்க் ஒன்லி’ முறையில் பேசும், 62 என்றால் யுஏஎஸ் என்ற புது முறையில் பேசும். கர்னல் இந்த எண்களையெல்லாம் கோத்து ஒரு நீளமான பெயரை உருவாக்கி, சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யுடெவ் நிரலிடம் கொடுக்கும். மாட்புரோப் செய்யும் அதே வேலையை யுடெவ் தானே செய்யும். ஓடுகிற கர்னலின் கோப்புறையில் இருக்கும் ‘மாட்யூல்ஸ்.அலியாஸ்’ பட்டியலைப் புரட்டி, இந்தப் பெயருக்கு உரிய மாட்யூல் எது என்று பார்த்து ஏற்றும். கடையில் அன்று அந்தக் கோப்புறையே இல்லாததால் எல்லாம் சத்தமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது.

டிரைவர் ஏறிவிட்டால் பேச்சு தொடங்கும். 1999-இல் வரையறுக்கப்பட்ட ‘பல்க் ஒன்லி’ முறையில் கணினி ஒவ்வொரு கட்டளையையும் 31 பைட் உள்ள ஒரு உறையில் போட்டு அனுப்பும். தரவு போய் வந்து முடிந்ததும் பென் டிரைவ் 13 பைட் உள்ள ஒரு பதிலை அனுப்பும். உறைக்குள் இருப்பது ஸ்கஸி கட்டளை. அதனால்தான் பென் டிரைவ் கர்னலின் கண்ணுக்கு ஸ்கஸி வட்டாகத் தெரிகிறது, ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ என்று பெயர் வாங்குகிறது. அதனால்தான் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் மட்டும் இருந்தால் போதாது, ஸ்கஸி வட்டுக்கான ‘எஸ்டி_மாட்’ மாட்யூலும் வேண்டும். அதற்கும் மேலே வட்டைப் பிரிக்கும் பார்ட்டிஷன், அதற்கும் மேலே கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டம்.

நான் முதன்முதலில் பென் டிரைவைத் தொட்டது 2004-இல், கல்லூரி ஆய்வகத்தில். 128 எம்பி. அந்த ஆய்வகக் கணினிகளில் 2.4 கர்னல் இருந்தது. எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் ஒவ்வொரு மாட்யூலாகக் கையால் ஏற்றிக் காட்டினார். முதலில் யுஎஸ்பிகோர், அப்புறம் யுஎஸ்பி-யுஎச்சிஐ, அப்புறம் ஸ்கஸி_மாட், எஸ்டி_மாட், கடைசியாக யுஎஸ்பி-ஸ்டோரேஜ். பிறகு ஒரு கோப்புறையை உருவாக்கி ‘/டெவ்/எஸ்டிஏ1’-ஐ மவுன்ட் செய்ய வேண்டும், அதாவது அந்தக் கோப்புறையில் இணைக்க வேண்டும். எடுக்கும் முன் அன்மவுன்ட் செய்ய வேண்டும். அன்றைக்கு அது தேவையில்லாத வேலையாகத்தான் பட்டது. இப்போது நினைத்தால் அந்த அண்ணனுக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன். இன்று எல்லாம் தானாக நடப்பதால் இந்த அடுக்குகள் நம் கண்ணில் படுவதே இல்லை. அறுந்தால் மட்டும்தான் படுகின்றன.

கடைக் கணினியில் அதன் பிறகு ஒரு சிறு ஏற்பாடு செய்தேன். ‘/ஈடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி’ கோப்புறைக்குள் ஒரு கோப்பை வைத்தேன். அதில் வரிக்கு ஒரு பெயராக யுஎஸ்பி_ஸ்டோரேஜ், யுஏஎஸ், விஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ்3 என்று எழுதினேன். கடைசி மூன்றும் ஃபைல் சிஸ்டங்களுக்கானவை. பூட் ஆகும்போதே இவை நினைவகத்தில் ஏறிவிடும். பகலில் அப்டேட் போட்டாலும் மாலை வரை ஓடும். இதைச் செய்யும்போது எழுத்துக்குறி மாட்யூல்களை மறந்துவிடாதீர்கள். ஃபேட் வகைப் பென் டிரைவை மவுன்ட் செய்ய விஃபேட் மட்டும் போதாது. ‘கோட்பேஜ் 437’, ‘ஐஎஸ்ஓ 8859-1’ போன்ற எழுத்துக்குறி அட்டவணைகளும் தனி மாட்யூல்களாக இருக்கும். அவை கிடைக்காவிட்டால் மவுன்ட் தோற்றுவிடும், அந்த ‘ஐஓ கேரக்டர்செட்’ இல்லை என்று டிமெசேஜில் ஒரு வரி வரும். ஸ்டோரேஜ் டிரைவர் சரியாக வேலை செய்திருக்கும், ஆனாலும் பென் டிரைவ் எடுக்கவில்லை என்றுதான் நமக்குத் தோன்றும்.

எழுத்துக்குறி என்றதும் இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது தேவைப்படும். கடைக்கு வந்த ஒரு தமிழ்த்துறை ஆய்வு மாணவரின் பென் டிரைவில் கோப்புப் பெயர்கள் எல்லாம் தமிழில் இருந்தன. நான் கையால் மவுன்ட் செய்தபோது எல்லாப் பெயரும் கேள்விக்குறி வரிசையாக வந்தது. அவர் முகம் வாடிவிட்டது. மூன்றாண்டு உழைப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிட்டார். எதுவும் கெடவில்லை. பென் டிரைவில் பெயர்கள் யூனிகோடில் பத்திரமாக இருந்தன. அவற்றை ஐரோப்பிய எழுத்துக்கான அட்டவணை வழியாகக் காட்டும்படி மவுன்ட் ஆகியிருந்ததுதான் காரணம். அன்மவுன்ட் செய்து, ‘யுடிஎஃப்8’ என்ற விருப்பத்தைச் சேர்த்து மறுபடி மவுன்ட் செய்ததும் ‘இயல் இரண்டு – திருத்தியது’ என்று பளிச்சென்று வந்தது. டெஸ்க்டாப்பில் தானாக மவுன்ட் ஆகும்போது பொதுவாக இந்தச் சிக்கல் வராது. கையால் செய்யும்போதும், பூட்டின்போது மவுன்ட் ஆக வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதும்போதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எனக்கு ஒரு இரவுத் தூக்கத்தைக் கெடுத்த சம்பவம்.

கடையின் இரண்டாவது கணினியில் டெபியன் என்ற லினக்ஸ். அதன் உள் வட்டு சாகும் தறுவாயில் இருந்தது, படிக்கும்போது டக் டக் என்று சத்தம். புது வட்டு வர மூன்று நாள் ஆகும். அதுவரை ஓட்ட, முழு வட்டையும் ஒரு வெளி எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுத்து, யுஎஸ்பியிலிருந்தே பூட் செய்யலாம் என்று முடிவு செய்தேன். நகல் முடிய ராத்திரி பத்தரை ஆனது. பழைய வட்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். கர்னலைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் மெனு வந்தது, கர்னல் ஏறியது. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைக்கும்போதே திரை நின்றது. அரை நிமிடம் கழித்து, இன்ன யுயுஐடி (அடையாள எண்) உள்ள வட்டு இல்லை, ஷெல்லுக்குப் போகிறேன் என்ற எச்சரிக்கையோடு, ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதிய ஒரு வெறும் வரி வந்து காத்திருந்தது.

எனக்கு முதலில் புரியாதது இதுதான். கிரப் அந்த எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. கர்னல் கோப்பும் அங்கிருந்துதான் ஏறியது. அப்படியிருக்க வட்டே இல்லை என்று அதே கர்னல் எப்படிச் சொல்ல முடியும்? விடை எளிது. கிரப், வட்டைப் படிக்க மதர்போர்டில் இருக்கும் பயாஸின் உதவியை எடுத்துக்கொள்கிறது. கர்னல் ஓடத் தொடங்கிய பிறகு அந்த உதவியைப் பயன்படுத்துவதில்லை, தன் சொந்த டிரைவரைத்தான் நம்புகிறது. அந்த டிரைவர் இருப்பதோ எஸ்எஸ்டிக்குள். எஸ்எஸ்டியைத் திறக்க டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு பொதியைக் கிரப் கர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றுகிறது. சிஸ்டம் இருக்கும் ரூட் வட்டைத் திறப்பதற்கு வேண்டிய மாட்யூல்கள் அதற்குள் இருக்க வேண்டும்.

என் பொதியில் அவை இல்லை. காரணம் நான் இரண்டு வருடம் முன்பு செய்த ஒரு மாற்றம். பூட் பார்ட்டிஷனில் இடம் போதவில்லை என்று, இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் மாட்யூல்ஸ் என்ற வரியை ‘மோஸ்ட்’ என்பதிலிருந்து ‘டெப்’ என்று மாற்றியிருந்தேன். மோஸ்ட் என்றால் பெரும்பாலான வட்டு டிரைவர்களையும் பொதியில் சேர்க்கும், டெபியன் தருவது அதைத்தான். டெப் என்றால் இந்தக் கணினிக்கு இப்போது தேவையானதை மட்டும் சேர்க்கும். அன்றைக்குத் தேவையாக இருந்தது உள்ளே சாட்டா வட்டு. யுஎஸ்பி ஸ்டோரேஜை அது சேர்க்கவில்லை. அந்த வெறும் வரியில் மாட்புரோப் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் அடித்தேன், இல்லை என்றது. இருந்திருந்தால், அடித்துவிட்டு இரண்டு நொடி காத்திருந்து ‘எக்ஸிட்’ கொடுத்தாலே பூட் தொடர்ந்திருக்கும்.

சரி செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். நிறுவாமலேயே ஓடும் ஒரு டெபியன் லைவ் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினேன். எஸ்எஸ்டியின் ரூட் பார்ட்டிஷனை ‘/எம்என்டி’-யில் மவுன்ட் செய்தேன். பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்ததால் அதையும் அதற்குள் மவுன்ட் செய்தேன். இதை விட்டுவிட்டால் புதிய பொதி தப்பான இடத்தில் போய் உட்காரும், மறுபடி பூட் செய்தால் பழையதே வரும். பிறகு டெவ், பிராக், சிஸ் மூன்றையும் பைண்ட் முறையில் இணைத்து, சிஎச்ரூட் செய்து, அதாவது எஸ்எஸ்டியில் இருக்கும் சிஸ்டத்தையே ரூட்டாக வைத்துக்கொண்டு, உள்ளே போனேன். அமைப்புக் கோப்பில் மோஸ்ட் என்று மாற்றினேன். கூடுதல் உறுதிக்கு ‘/ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/மாட்யூல்ஸ்’ கோப்பில் எக்ஸ்எச்சிஐ_பிசிஐ, ஈஎச்சிஐ_பிசிஐ, யுஎஸ்பி_ஸ்டோரேஜ், யுஏஎஸ், எஸ்டி_மாட் என்று ஐந்து வரி எழுதினேன். அதன் பின் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்’. அந்த ‘ஆல்’ முக்கியம். சிஎச்ரூட்டுக்குள் இருந்தாலும் ஓடுவது லைவ் பென் டிரைவின் கர்னல்தான், எஸ்எஸ்டியில் இருக்கும் கர்னல் வேறு. அதனால் எல்லாக் கர்னலுக்கும் செய் என்று சொல்லிவிடுவது நல்லது. முடிந்ததும் ‘எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்’ கொண்டு பொதியைப் பிரித்துப் பட்டியலிட்டு, யுஎஸ்பி-ஸ்டோரேஜ் என்ற பெயர் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ரீஸ்டார்ட் செய்தேன். ஒன்றரை மணிக்கு லாகின் திரை வந்தது.

இதையெல்லாம் நகலெடுப்பதற்கு முன்பே, பழைய வட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்திருந்தால் பத்து நிமிட வேலை. வட்டை யுஎஸ்பிக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் பொதியைப் புதுப்பியுங்கள், அப்புறம் நகலெடுங்கள். ஹோஸ்ட் கன்ட்ரோலர் மாட்யூலும் பொதியில் இல்லாவிட்டால் யுஎஸ்பி கீபோர்டும் அந்த வெறும் வரியில் வேலை செய்யாது. பழைய வட்டமுனை பிஎஸ்2 கீபோர்டு ஒன்றை நான் இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். எல்லா மாட்யூலும் இருந்தும் வட்டு இல்லை என்று வந்தால், வட்டு கண் விழிப்பதற்குள் தேடி முடித்திருக்கலாம். டெபியன் எப்படியும் அரை நிமிடம் காத்திருக்கும், கர்னல் வரியில் ‘ரூட்டிலே=60’ என்று சேர்த்தால் அறுபது நொடி வரை காத்திருக்கும். வட்டை எஸ்டிஏ, எஸ்டிபி என்று குறிப்பிடாமல் யுயுஐடியால் குறிப்பிடுங்கள். யுஎஸ்பி வட்டுகளின் வரிசை ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம்.

புது வட்டு வந்ததும் அந்த எஸ்எஸ்டியைக் காப்பு எடுக்க ஒதுக்கினேன். அங்கே வேறொரு தொல்லை தொடங்கியது. பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது திடீரென்று எல்லாம் உறைந்துவிடும். அரை நிமிடம் கழித்து உயிர் வரும், மறுபடி உறையும். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு உறைவும் சரியாக 30 நொடி. ஸ்கஸி வட்டு பதில் சொல்லக் கர்னல் காத்திருக்கும் வழக்கமான நேரம் அதுதான். டிமெசேஜில் யுஏஎஸ் என்று தொடங்கும் அபார்ட், ரீசெட் வரிகள் கொத்துக் கொத்தாக இருந்தன.

யுஏஎஸ் என்பது ‘பல்க் ஒன்லி’க்கு அடுத்து வந்த முறை. பழைய முறையில் ஒரு கட்டளை முடிந்தால்தான் அடுத்தது. யுஏஎஸ் பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் வைத்துக்கொள்ளும், எஸ்எஸ்டிக்கு அது நல்ல வேகம். ஆனால் எஸ்எஸ்டியை வைத்திருக்கும் வெளிக்கூட்டின் (என்க்ளோஷர்) சிப், அதைச் சரியாகச் செய்ய வேண்டும். மலிவான கூடுகள் சில, தெரியும் என்று சொல்லிவிட்டு நடுவழியில் தடுமாறுகின்றன. என்னுடையது அப்படிப்பட்டது.

நான் யுஏஎஸ் மாட்யூலையே தடை செய்துவிட்டால் கர்னல் பழைய முறைக்குப் போய்விடும் என்று நினைத்தேன். மாட்புரோப்.டி கோப்புறையில் ‘பிளாக்லிஸ்ட் யுஏஎஸ்’ என்று எழுதி ரீஸ்டார்ட் செய்தேன். எஸ்எஸ்டி அடியோடு காணாமல் போனது. ‘எல்எஸ்யுஎஸ்பி -டி’ போட்டால் மரம்போல விரியும் பட்டியலில் சாதனம் இருக்கிறது, அதற்கு நேரே டிரைவர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. காரணம், யுஏஎஸ் சேர்த்துக் கட்டப்பட்ட கர்னலில், அந்த முறை தெரிந்த சாதனத்தை யுஎஸ்பி-ஸ்டோரேஜ் தொடாது. இது யுஏஎஸ்ஸின் ஆள் என்று ஒதுங்கிவிடும். ஒதுங்கிய பிறகு வர வேண்டியவரை நான் வாசலிலேயே தடுத்துவிட்டேன்.

சரியான வழி, இந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் யுஏஎஸ் வேண்டாம் என்று யுஎஸ்பி-ஸ்டோரேஜிடம் சொல்வது. எல்எஸ்யுஎஸ்பி காட்டும் பட்டியலில் சாதனத்துக்கு நேரே நான்கு இலக்கமும் நான்கு இலக்கமுமாக நடுவில் முக்காற்புள்ளி வைத்து ஒரு அடையாள எண் இருக்கும். அதோடு இன்னொரு முக்காற்புள்ளியும் ஆங்கிலச் சின்ன எழுத்து ‘யு’வும் சேர்த்து, ‘குவர்க்ஸ்’ என்ற அளவுருவில் கொடுக்க வேண்டும். நிரந்தரமாக எழுதும் முன் சோதித்துப் பார்க்கலாம். ‘/சிஸ்/மாட்யூல்/யுஎஸ்பி_ஸ்டோரேஜ்/பாராமீட்டர்ஸ்/குவர்க்ஸ்’ கோப்பில் அந்த வரியை எழுதிவிட்டு, வட்டைக் கழற்றி மறுபடி செருகினால் போதும். இந்தச் சாதனத்துக்கு யுஏஎஸ் புறக்கணிக்கப்படுகிறது, பதிலாக யுஎஸ்பி-ஸ்டோரேஜ் என்று டிமெசேஜ் சொல்லும். பிடித்திருந்தால் மாட்புரோப்.டி-யில் ‘ஆப்ஷன்ஸ் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ்=’ என்று எழுதி, இனிட்ராம்எஃப்எஸ் பொதியையும் புதுப்பித்துவிடுங்கள். ராஸ்பெரி பை என்ற சிறு கணினி வைத்திருப்பவர்கள் பூட் பகுதியில் உள்ள ‘சிஎம்டிலைன்’ கோப்பில், இருக்கும் அதே ஒற்றை வரியில் இதை ‘யுஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவர்க்ஸ்=’ என்ற வடிவில் சேர்க்கலாம். காப்பு எடுக்க எனக்கு முன்பைவிட ஐந்து நிமிடம் கூடுதலாகிறது. உறைவது அறவே நின்றுவிட்டது. ஐந்து நிமிடத்தை நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

பிளாக்லிஸ்ட் பற்றி இன்னும் ஒன்று. நண்பர் ஒருவர் தன் அலுவலகத்தில் யாரும் பென் டிரைவ் பயன்படுத்தக் கூடாது, என்ன செய்யலாம் என்று கேட்டார். ‘பிளாக்லிஸ்ட் யுஎஸ்பி-ஸ்டோரேஜ்’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தார், ஆனாலும் வெளி வட்டுகள் வேலை செய்தன. பிளாக்லிஸ்ட் தடுப்பது மாட்யூல் தானாக ஏறுவதை மட்டும்தான். வேறொரு மாட்யூல் கேட்டால் ஏறிவிடும். யுஏஎஸ்ஸுக்கு யுஎஸ்பி-ஸ்டோரேஜ் வேண்டும், எனவே யுஏஎஸ் வட்டைச் செருகினால் இரண்டும் ஏறின. ‘இன்ஸ்டால் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் /பின்/ஃபால்ஸ்’ என்று எழுதினால் மாட்புரோப் அதை ஏற்றாமல் தோற்றுத் திரும்பும், அதை நம்பியிருக்கும் யுஏஎஸ்ஸும் ஏறாது. ரூட் (நிர்வாகி) அதிகாரம் உள்ள ஒருவரை இதுவும் தடுக்காது.

ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்திலும் கதை இதேதான், பெயர்கள் வேறு. அங்கே டிரைவரின் பெயர் யுமாஸ். வட்டு ‘டிஏ0’ என்று வரும். அதோடு வரும் ஜெனெரிக் கர்னலில் யுமாஸ் உள்ளேயே இருக்கிறது. சொந்தமாகக் கர்னல் கட்டி அதை நீக்கியிருந்தால் ‘கேஎல்டிலோட் யுமாஸ்’ கொடுத்து ஏற்றலாம், யுஎஸ்பியிலிருந்து பூட் செய்ய வேண்டுமானால் லோடர் அமைப்புக் கோப்பில் ‘யுமாஸ்_லோட்’ வரியைச் சேர்க்கலாம். ‘கேம்கன்ட்ரோல் டெவ்லிஸ்ட்’ என்று கேட்டால் வட்டு தெரிகிறதா என்று சொல்லிவிடும். நான் வீட்டில் ஒரு காப்புக் கணினியில் மட்டும் இதைப் பயன்படுத்துகிறேன், பெரிய தொல்லை எதுவும் வந்ததில்லை.

டிரைவரே காரணமில்லாத நேரங்களும் உண்டு. டிமெசேஜில் ‘டிஸ்கிரிப்டர் ரீட்’ என்பதற்குப் பக்கத்தில் -71 அல்லது -110 என்று பிழை எண் வந்தால் மாட்யூலைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சாதனம் தன் பெயரைக்கூடச் சொல்லி முடிக்கவில்லை என்று பொருள். கேபிளை மாற்றுங்கள், ஹப்பை எடுத்துவிட்டு நேரே பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. சுழலும் வெளி வட்டுகள் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்கும்.

கடையில் டைப் செய்யும் அக்காவுக்காக ஒரு தாளில் நான்கு வரி எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். எல்எஸ்யுஎஸ்பியில் பெயர் வருகிறதா? ‘எல்எஸ்யுஎஸ்பி -டி’யில் டிரைவர் இடம் நிரம்பியிருக்கிறதா? ‘எல்எஸ்பிஎல்கே’யில் வட்டு வருகிறதா? ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’பில் ஃபைல் சிஸ்டத்தின் பெயர் வருகிறதா? முதலாவது இல்லை என்றால் கேபிள் அல்லது பென் டிரைவ். இரண்டாவது இல்லை என்றால் ரீஸ்டார்ட் செய்துவிட்டு எனக்கு போன். அவர் இதற்கு முன் டெர்மினலைத் திறந்ததே இல்லை, இப்போது என்னைவிட வேகமாகப் பார்க்கிறார்.

போன வாரம் போன் செய்தார். “தம்பி, ஒரு சார் பென் டிரைவ் கொண்டு வந்திருக்காங்க. டிரைவர் வந்திருக்கு, வட்டும் வந்திருக்கு. நாலாவதுல மட்டும் பிட்லாக்கர்னு என்னமோ போட்டிருக்கு.” விண்டோஸில் பூட்டப்பட்ட பென் டிரைவ். கடவுச்சொல் அவருக்குத் தெரியுமா என்று கேட்கச் சொன்னேன். தெரியும் என்றார். லினக்ஸின் கிரிப்ட்செட்டப் நிரல் 2.3 பதிப்பிலிருந்து இந்த வகைப் பூட்டைத் திறக்கிறது. ‘ஓபன்’ என்பதோடு வகை ‘பிட்எல்கே’ என்று கொடுக்க வேண்டிய வரியை போனிலேயே எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அக்கா அடித்தார், அந்த சார் கடவுச்சொல்லைத் தானே வந்து அடித்தார். பதினெட்டுப் பக்கம், இரண்டு பிரதி, ஸ்பைரல் பைண்டிங்.